தயிர்ச் சட்டிக்கு ஒரு ஹெல்மெட்

போன சனிக்கிழமை கிண்ணியாத் துறையில் நான் ஒரு காரியம் செய்தேன். முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? இந்தப் பக்கத்தைக் கிழமை தவறாமல் வாசிப்பவர்கள் கேட்கமாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் என் காலை மிதித்தால், அவர் இறங்கும் வரைக்கும் காலை அப்படியே வைத்திருக்கிற ஆள் நான்.

நடந்தது இதுதான். பாதை கரை தட்டிவிட்டது. (வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர்.) பட்டினம் போகிறவர்கள் எல்லோரும் ஏறுகிறோம். எனக்கு முன்னால் ஒரு புது மோட்டார் சைக்கிள். ஓட்டுபவருக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சேட், மடிப்புக் குலையாத காற்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஹெல்மெட் எங்கே? ஹாண்டிலில் தொங்குகிறது. ஹெல்மெட்டுக்குள் என்ன?

தயிர்ச் சட்டி!

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கிண்ணியாவுக்குப் போனவர் எருமைத் தயிர் இல்லாமல் பட்டினம் திரும்பினால் வீட்டில் மரியாதை இல்லை. தயிர் மண் சட்டியில்தான் வரும். வாயை வாழையிலையால் மூடிக் கட்டித் தருவார்கள். ஆனால் றோட்டு? குழியும் கிடங்கும் கல்லும். பட்டினம் வந்து சேருவதற்குள் பாதிச் சட்டி வழியிலேயே உடைந்துவிடும். அப்போதுதான் டுபாய்க்கும் குவைத்துக்கும் போன எங்கள் ஆட்கள் முழு முகத்தையும் மூடுகிற ஹெல்மெட்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே மெத்தை. வெளியே இரும்பு மாதிரி ஓடு. யாரோ ஒரு கெட்டிக்காரர் அதற்குள் சட்டியை வைத்துப் பார்த்திருக்கிறார். அளவெடுத்துச் செய்த மாதிரிப் பொருந்திவிட்டது.

அன்றிலிருந்து இந்தத் துறையில் அதுதான் வழக்கம். சட்டி பத்திரம். தலை…?

நான் அந்த மனிதரின் கையைப் பிடித்தேன்.

“தம்பி, அதைத் தலையில போடுங்கோ.”

“எதை? தயிரையோ?”

பாதையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“ஹெல்மெட்டை…”

“நீங்கள் என்ன, பொலிஸோ?”

“இல்லை. தையல் மெஷின் திருத்துறவன்.”

இன்னும் பெரிய சிரிப்பு. என் காது இரண்டும் சுட்டது. வழமையான நானாக இருந்தால் அந்த இடத்திலேயே தண்ணீரில் குதித்திருப்பேன். அன்று என்னவோ, குதிக்கவில்லை. என் ஹெல்மெட்டின் கண்ணாடியை உயர்த்தினேன். உள்ளே கையை விட்டு மெத்தையை விலக்கி, இடது கன்னத்தை அவருக்குக் காட்டினேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அந்தக் கன்னத்தின் கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். போன மார்கழியில் நான்கு கிழமை இந்தப் பக்கம் வரவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? ‘உடல்நலக் குறைவு’ என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

* * *

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தையல் மெஷின் திருத்துவது தொழில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு கதிரை. இரண்டாவது கதிரை வாங்க இதுவரை தேவை வரவில்லை.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று மெஷின் இருக்கிற வீடெல்லாம் எனக்கு வீடு. ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும்.

ஓடித் திரிவதற்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன்மேல் நான் ஏறும் கோலத்தைப் பார்த்தால் குழந்தைகள் அழும். நேவிக்காரர் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்ற கடையொன்றில் வாங்கிய தடித்த தோல் அங்கி. முழங்கை வரைக்கும் வரும் தோல் கையுறை. கணுக்காலுக்கு மேல் ஏறும் சப்பாத்து. கடைசியாக வந்து சேர்ந்தது ஹெல்மெட். டுபாயில் வேலை செய்யும் ஒருவர், தன் உம்மாவின் மெஷினை ஓட வைத்ததற்காக அன்பளிப்பாகத் தந்தார்.

“என்ன, சந்திரனுக்கோ?” என்று சந்தியில் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. ஹெல்மெட் போட்டவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதுதானே அதில் உள்ள சுகம்!

உண்மையைச் சொல்கிறேன். விபத்துக்குப் பயந்து நான் அவற்றைப் போடவில்லை. ஒளிந்துகொள்ளத்தான் போட்டேன். கறுத்தக் கண்ணாடியை இறக்கிவிட்டால் யாருக்கும் என்னைத் தெரியாது. யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். யாராவது சிரிக்காமல் போனாலும் மனம் நோகத் தேவையில்லை. என்னைத் தெரியாமல்தானே போகிறார்கள்?

ஒருமுறை தம்பலகாமத்து வளைவில் எருமையொன்று குறுக்கே வந்தது. நான் விழுந்து, வயிற்றால் இழுபட்டு, வாய்க்கால் கட்டில் போய் முட்டி நின்றேன். எழும்பித் தூசியைத் தட்டினேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அங்கியின் முழங்கையில்தான் தோல் உரிந்திருந்தது. அங்கிக்கு என்ன, ஒரு துண்டு வைத்துத் தைத்தால் சரி. அன்றிரவே தைத்தேன்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? அந்தத் தோல் உரிந்தது எனக்குப் பதிலாகத்தான் என்று? வரவில்லை. நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

* * *

உப்புவெளியில் ஒரு தையல் டீச்சர் இருந்தார். பெயரை எழுதவில்லை. டீச்சர் என்றே எழுதுகிறேன். நாற்பதை நெருங்கியவர். அண்ணரோடும் அண்ணியோடும் இருந்தார். வீட்டு விறாந்தையில் ஆறு மெஷின் போட்டு வகுப்பு நடத்தினார்.

மாதத்துக்கு ஒரு மெஷின் பழுதாகும். நான் போவேன். வாசல் வரைக்கும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய், ஹெல்மெட்டைக் கழற்றியதும் மெஷினுக்கு முன்னால் குனிந்துவிடுவேன். தேத்தண்ணி வரும். குனிந்தபடியே குடிப்பேன். மூன்று வருடம் இப்படி.

ஒருநாள் மூன்றாவது மெஷின் ஓடவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார். போய்த் திறந்து பார்த்தால் பழுது ஒன்றுமே இல்லை. அடிநூல் சுற்றுகிற பொபினைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். திருப்பிப் போட்டேன். “இப்ப ஓடும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் ஒரு யோசனை வந்தது… இத்தனை வருடம் தையல் படிப்பிக்கிறவருக்குப் பொபின் போடத் தெரியாதா?

ஒரு சப்பாத்தோடு அன்று வெகுநேரம் இருந்தேன்.

அடுத்த மாதமும் அதே மெஷின். அதே பொபின். நான் குனிந்திருந்தபோது டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “வரேக்க தொப்பிக்குள்ள ஒளிச்சுக்கொண்டு வாறியள். கழட்டினால் மெஷினுக்குள்ள தலையை விடுறியள். உங்கட முகத்தை எப்பதான் பாக்கிறது?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எண்ணெய் விடோணும்” என்றேன்.

அவருடைய அண்ணர் நல்ல மனிதர். வீட்டுக்கு ஒருநாள் வரும்படி கூப்பிட்டார். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். நான் போனேன். கேற் வரைக்கும்தான் போனேன். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள்! மோட்டார் சைக்கிளை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் அந்தத் தெருவுக்கே தெரியும். நான் வந்ததும் அவர்களுக்குக் கேட்டிருக்கும். திரும்பியதும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகும் அந்த மனிதர் என் அறைக்கு வந்தார். ஒற்றைக் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் கட்டிலில் இருந்தேன்.

“தம்பி, மறைக்காமல் சொல்லுறன். மன்னார்ப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை அவைக்குப் பதில் சொல்லோணும். தங்கச்சி இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. ஏன் எண்டு உங்களுக்கும் தெரியும்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்கோ. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை, நாங்கள் மூண்டு பேர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனமுறை மாதிரிக் கேற்றில திரும்பினியளெண்டால்… பிறகு நான் கூப்பிடமாட்டன், குறை நினையாதேங்கோ.”

“ஓம்” என்றேன். அந்த வருடத்தில் நான் பேசிய நல்ல வார்த்தை அதுதான்.

* * *

சனிக்கிழமை காலையில் கிண்ணியாவில் வேலை. பெருநாள் உடுப்புகள் தைக்கிற தையற்காரர் ஒருவரின் மெஷின். அதைத் தட்டிக்கழிக்க ஏலாது. மத்தியானம் முடித்துக்கொண்டு துறைக்கு வந்தேன்.

துறையில் சலீம் நானாவின் தேத்தண்ணிக் கடை. என்னோடு நிறையக் கதைக்கிற ஒரே ஆள் அவர். நான் கதைக்காததும் அவருக்குப் பெரிய குறை இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே கதைப்பார். எப்படியோ விஷயத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார். டீச்சர் முகத்தைப் பற்றிச் சொன்னதையும்.

“அப்ப இந்தக் கோலத்திலயா போகப் போறீங்க?” என்று எழும்பிவிட்டார். “பொண்ணு முகத்தப் பாக்கோணும் எண்டு சொல்லிரிக்கி. நீங்க கரடி மாதிரிப் போய் இறங்கினா? கழட்டுங்க, கழட்டுங்க!”

“தூறல் போடுது, நானா…”

“மாப்புளைக்கு என்ன தூறல்! முகம் நல்லாத்தானே இரிக்கி. அத ஏன் பொத்தி வைக்கிறீங்க?”

அங்கியைக் கழற்றி வாங்கி, கடைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். கையுறையைப் பிடுங்கி அங்கியின் பைக்குள் திணித்தார். உள்ளே போட்டிருந்த வெள்ளைச் சேட்டின் கொலரை இழுத்துச் சரிசெய்தார். தன்னுடைய சீப்பை எடுத்து, நாற்பத்தாறு வயது மனிதனான என் தலையை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி வாரிவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு தயிர்ச் சட்டியோடு வந்தார்.

“வெறுங்கையோட போகப்படாது.”

ஹெல்மெட் என் கையில் இருந்தது. அதை எடுத்துச் சட்டியை உள்ளே இறக்கினார். வாரைப் பூட்டினார். ஹாண்டிலில் மாட்டினார். சட்டி கொஞ்சமும் ஆடவில்லை.

“பாருங்க, என்ன சோக்கா இரிக்கி!”

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அது கூச்சத்தால் இல்லை. எனக்கும் ஆசைதான். அன்று முதன்முதலாக, யாராவது என் முகத்தைப் பார்க்கட்டும் என்று இருந்தது. பாதையில் அக்கரை வந்து இறங்கினேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. எதிரே சைக்கிளில் வந்த ஒரு வயதான மனிதர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எவ்வளவு லேசாக இருந்தது, தெரியுமா?

வழி நெடுக ஒரு வசனத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். ‘எனக்குச் சம்மதம்.’ இரண்டே சொல். சத்தம்போட்டும் சொல்லிப் பார்த்தேன்.

சீனக்குடாவுக்குக் கிட்ட றெயில் பாதை றோட்டைச் சரிவாக வெட்டிக்கொண்டு போகிறது. மோட்டார் சைக்கிள்காரர் எல்லோருக்கும் தெரியும், தூறலில் நனைந்த தண்டவாளம் சவர்க்காரம் மாதிரி. வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்துக்கு நேரே திருப்பித்தான் கடக்க வேண்டும். நூறு தடவை அப்படிக் கடந்தவன் நான்.

அன்று ‘எனக்குச்’ என்ற சொல்லில் இருந்தேன்.

முன் சில்லு வழுக்கியது. அவ்வளவுதான் தெரியும்.

* * *

மிச்சத்தைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். கந்தளாயிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வந்த லொறிக்காரர் என்னைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். ஹெல்மெட் புல்லுக்குள் கிடந்ததாம். திறந்து பார்த்திருக்கிறார். சட்டிக்கு ஒன்றும் இல்லை. தயிர்கூடச் சிந்தவில்லை. நல்ல மனிதர், அதையும் கொண்டுவந்து என் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வார்டில் யாரோ சாப்பிட்டார்கள். நல்ல தயிராம்.

எனக்கு? இடது கன்னத்து எலும்பும் தாடையும் உடைந்திருந்தன. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டிவிட்டார்கள். இடது உள்ளங்கையில் தோல் இல்லை. முழங்கையில் எலும்பு தெரிந்ததாம். கால்களில் மட்டும் ஒன்றும் இல்லை. சப்பாத்தை நானா கழற்றவில்லையே!

டொக்டர் இளம் ஆள். கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்: “ஹெல்மெட் இருந்ததாமே? தலைக்கெண்டு வாங்கி, தயிருக்கோ போட்டனீங்கள்?”

சிரிக்க ஏலாது. வாயில் கம்பி.

இதைவிட இன்னொன்று. கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கும், தெரியும்தானே? நோயாளியின் பெயர் எழுதுவார்கள். என்னுடைய அட்டையில் பெயர் இல்லை. ‘ஆண், வயது சுமார் 50’ என்று மட்டும் இருந்தது. என் லைசென்ஸ், விலாசம் எல்லாம் அங்கியின் உள்பையில். அங்கி நானாவின் கடை ஆணியில்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு நினைவில்லை. திங்கட்கிழமை கண் விழித்தேன். பின்னேரம் பார்க்க வருகிற நேரம். வார்டு நிறைய ஆட்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் கூட்டம். சோடாப் போத்தல், தோடம்பழம், அழுகை, சிரிப்பு. என் கட்டிலடி மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒரு அம்மா நிற்க இடம் இல்லாமல் என் பக்கம் ஒதுங்கினார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு தோடம்பழத்தை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இத்தனை வருடம் முகத்தை மறைத்துக்கொண்டு திரிந்தேன், ஒருவரும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று. இதோ, பெயரே இல்லாமல் ஒரு கட்டில். கேட்டது கிடைத்துவிட்டது.

என்னைத் தேடியது யார் என்கிறீர்கள்? என் அங்கிதான்! ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ‘மாப்பிள்ளை சந்தோசத்தில மறந்திட்டார்’ என்று ஞாயிறு முழுவதும் நானா சிரித்திருக்கிறார். திங்கட்கிழமை சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அங்கியைத் தூக்கிக்கொண்டு பட்டினம் வந்து, என் அறைக் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

என்னைக் கண்டதும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என்ட கையால கழட்டினனே… என்ட கையாலயே கழட்டி ஆணியில மாட்டினனே!”

நான் வலது கையை ஆட்டி ஒரு பென்சில் கேட்டேன். தாளில் எழுதினேன்: ‘உப்புவெளிக்குப் போய்ச் சொல்லுங்கோ.’

வாசித்தவர் அழுகையை நிறுத்தினார். அங்கியை என் மேலே போர்த்திவிட்டு ஓடினார்.

* * *

புதன்கிழமை டீச்சரும் அண்ணரும் வந்தார்கள்.

அண்ணர் என் காலடியில் வந்து நின்றார். பிறகு சொன்னார்: “தம்பி, ஆறு மணி மட்டும் பாத்தனாங்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்கேல்லை. கேற் மட்டும்கூட இந்தமுறை வரேல்லை எண்டு நினைச்சம்… ஞாயித்துக்கிழமை மன்னாருக்குச் சொல்லுக் குடுத்துப்போட்டம்.”

நான் தலையை ஆட்டினேன். கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்குகிற குடும்பம் இல்லை அது. அப்படிப்பட்ட குடும்பமாக இருந்தால் நானும் அங்கே போக ஆசைப்பட்டிருக்கமாட்டேன்.

டொக்டரைப் பார்த்துவிட்டு வருவதாக அவர் வெளியே போனார். டொக்டரை அவர் பார்க்கவில்லை. யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றது எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்.

டீச்சர் ஸ்டூலில் இருந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நான் குனியவில்லை. குனிய ஏலாது. அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்ப்பதற்கு என்ன இருந்தது? ஒரு கண். மிச்சமெல்லாம் பன்டேஜ்.

பென்சிலும் தாளும் கையில் இருக்கின்றன. இரண்டு சொல். வழி நெடுகப் பழகிய இரண்டு சொல். இனி அதனால் பயன் இல்லைதான். எழுதினால் என்ன? அவருக்குத் தெரியவாவது வேண்டாமா?

நான் எழுதினேன்: ‘மெஷின் எல்லாம் ஓடுதா?’

அந்த மூன்று சொல்லை அவர் எவ்வளவு நேரம் வாசித்தார்!

“ஒண்டு ஓடேல்லை” என்றார். “போன கிழமை பொபினைத் தலைகீழாப் போட்டு வைச்சனான். இனி அது அப்பிடியே கிடக்கட்டும்.”

வாயில் கம்பி இருந்ததால்தான் சொல்ல முடியாமல் போனது என்று எத்தனையோ நாள் என்னை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன். வாசகர்களிடம் ஏன் மறைப்பேன்? வாய் நல்லாக இருந்திருந்தாலும் மெஷினைப் பற்றித்தான் கேட்டிருப்பேன்.

எழும்பிப் போகும்போது, என் மேல் கிடந்த அங்கியைத் தொட்டுப் பார்த்தார். முழங்கையில் நான் வைத்த ஒட்டைக் கண்டார். “நல்ல தையல்” என்றார். பிறகு:

“இனி எங்க போனாலும் எல்லாத்தையும் போட்டுக்கொண்டு போங்கோ. முகத்தைக் காட்டுறதெண்டால் வாசல்ல கழட்டலாம்தானே?”

தை மாதம் கல்யாணம். இப்போது மன்னாரில் இருக்கிறார். நல்லாக இருக்கிறாராம்.

* * *

அந்தத் தயிர்ச் சட்டி என் அறையில்தான் இருக்கிறது. பழைய ஊசிகளும் திருகாணிகளும் போட்டு வைத்திருக்கிறேன். அதில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

சலீம் நானா இப்போது சட்டி வைக்க ஹெல்மெட்டை நீட்டுகிறவருக்குத் தயிர் தருவதில்லை. “கூடை கொண்டு வாங்க” என்பார். ஏன் என்று கேட்டால் உள்ளே போய்விடுவார். துறையில் வேறு கடைகளும் இருக்கின்றனவே. அவர்கள் தருகிறார்கள்.

நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர் யாரும் ஹெல்மெட்டுக்குள் சட்டி வைப்பதில்லை. மனைவி மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார். அண்ணனும் தம்பியுமாகப் போனாலும் அப்படித்தான். சட்டியை ஹெல்மெட்டுக்குள் வைப்பது தனியாகப் போகிறவன்தான். பிடிக்க ஆள் இல்லாதவன்.

இதையெல்லாம் அந்தப் புது மோட்டார் சைக்கிள்காரருக்கு நான் சொல்லவில்லை. பாதை அக்கரை சேரும் நேரத்தில் அவ்வளவும் எப்படிச் சொல்வது? கன்னத்தைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அவர் சட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “அப்ப இதை எங்க வைக்கிறது, அண்ணை? உடைஞ்சால் வீட்டில என்னை உடைச்சுப்போடுவா.”

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இப்போது ஒரு பிரம்புக் கூடை கட்டியிருக்கிறேன். தையற்காரர்களிடம் வாங்கிய வெட்டுத்துணி நிறைய உள்ளே.

“தாருங்கோ” என்றேன். “நான் பின்னால கொண்டு வாறன்.”

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போனார். சட்டியோடு நான் பின்னால் போனேன். சீனக்குடாத் தண்டவாளத்தில் அவர் வேகத்தைக் குறைத்து நேரே திருப்பிக் கடந்தார். நானும் கடந்தேன். பட்டினத்துக்குள் வந்து ஒரு ஒழுங்கையில் திரும்பி, ஒரு வீட்டு கேற்றில் நின்றார்.

ஒரு பெண் ஓடி வந்து கேற்றைத் திறந்தார். “தயிர் எங்க?”

“இந்தா, அண்ணை கொண்டு வாறார்.”

கூடையிலிருந்து சட்டியை எடுத்துக் கொடுத்தேன். வேலை முடிந்தது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீட்டு வாசலில் செருப்புகள். உள்ளே ஆட்கள்.

“உள்ள வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

கை தானாகவே ஹாண்டிலைத் திருப்பியது. எவ்வளவு பழக்கம் அதற்கு!

பிறகு… என்ஜினை நிறுத்தினேன். கையுறையைக் கழற்றினேன். அங்கியைக் கழற்றினேன். கடைசியாக ஹெல்மெட்டை. அந்தப் பெண்ணின் கண் ஒரு நொடி என் கன்னத்தில் நின்றது. பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற வாசகர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போங்கள். வாசலில் கழற்றலாம். வாசல் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீட்டுத் தேத்தண்ணியில் சீனி மட்டும் கொஞ்சம் கூடுதல்.